முப்பதுக்குச் சைபர்

— இருபத்தெட்டு. ரெண்டு தாளம் வரும். ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா ஒரு விரலு, வேற மாதிரி இருந்தா ரெண்டு விரலு. கேட்டுதா ரோச்சண்ணே?

— ஆங்?

— விரலக் காட்டுங்கன்னேன்!

— காட்டுதேன், காட்டுதேன். இந்தா. ஒண்ணு.

— கேட்டுட்டுதான் காட்டுதியளா?

— என்னத்தக் கேக்க? எங்கனயோ கதவத் தட்டுற மாதிரி டொப்பு டொப்புன்னு இருக்கு. எல்லாம் ஒரே தட்டுதான்.

— ஏளா ஆனி, அரைமணி நேரமா இந்தக் கூத்து. ஏற்கனவே கெட்ட காது, இந்தப் பெரிய ஹெட்போன மாட்டி மிச்சத்தையும் கெடுத்துட்டுப் போவலாம்னு வந்தியா?

— இன்னும் ரெண்டுதான் ஷெர்லினக்கா. பேசாம இருங்க, உள்ள சத்தம் கலந்துரும்.

— என் வீட்டுல நான் பேசக் கூடாதோ? நல்லா இருக்குடியம்மா நாட்டாமை. புருசன் செத்துப் பத்து மாசம் ஆச்சேன்னு வாசப்படிய மிதிக்க விட்டேன் பாரு, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்.

— இருபத்தொம்பது. விரலு?

— ரெண்டு.

— முப்பது. கடைசி.

— ஆங்?

— கடைசின்னேன்! விரலு?

— ஒண்ணு. முடிஞ்சுதா? கழத்தட்டா இந்தச் சனியன? வேர்த்துக் கொட்டுது.

— கழத்துங்க.

— அப்பாடி. ஏளா ஷெர்லின், தண்ணி கொண்டா.

— கொண்டாரேன். அதுக்கு முன்ன, ஆனி, அந்தா டம்ளருக்கு அடில கெடக்குல்லா சங்கத்துக் கடுதாசி, அத எடுத்துக் கையெழுத்தப் போடு. அதான பேச்சு? இவரு தோத்தா நீ போடணும். நாளைக்குச் சாயங்காலம் சங்கத்துல வாசிச்சு, இந்த வழக்க மூடிருவாவ. நாங்களும் நாலு பேரு மூஞ்சில முழிக்கணும்லா.

— மார்க்கு இன்னும் வரலக்கா. சுத்திக்கிட்டு இருக்கு.

— வரட்டும், வரட்டும். போன்ல காது டெஸ்ட்டு வைக்கிற கொடுமைய இந்த ஊர்லதான் பாத்தேன். பெரிய டாக்டருகிட்டயே காட்டியாச்சு. சத்தம் கேட்டா கையத் தூக்குங்கன்னாரு. இவரு தூக்கல. காது போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அது போதாதோ ஒனக்கு?

— கையத் தூக்காம இருக்க யாருக்கும் முடியும்க்கா.

— பாத்தேரா, பாத்தேரா? உம்ம பொய்யன்ங்கா!

— ஆங்? என்ன சொல்லுதா?

— பொய்யன்ங்கா! பொய்யன்!

— ஏளா ஆனி, நான் எதுக்குப் பொய் சொல்லணும்? காது நல்லா இருந்தா நான் ஏன் உப்பளத்துல வாட்ச்மேன் வேல பாக்கேன்? கடலுக்குல்லா போயிருப்பேன். என்னத்த... என் காதப் பத்தி ஊருக்கே தெரியும். முதமுதல்ல சொன்னது யாரு? ஒம் புருசன். இதே டெஸ்ட்ட வச்சு, கொயர்ல இருந்த பதினாலு பேருக்கும் மார்க்குப் போட்டு, கோயில் ஹால் கதவுல ஒட்டுனாம்லா. ரோச், முப்பதுக்குப் பன்னெண்டு. கடைசி ஆளு நான். அம்பத்து மூணு வயசுல, சின்னப்புள்ளையோ நின்னு வாசிச்சுட்டுச் சிரிக்கிதுவ.

— நல்லாச் சொல்லும்! இருபத்தாறு வருசம் கொடியேத்தத்துக்குப் பாட்டெடுத்துக் குடுத்தவரு. ஒம்புருசன் நேத்து மீசை முளைச்ச பய, அவரு கையில இருந்த புஸ்தகத்தப் புடுங்கிட்டுப் போயி அவனே பாடுனான். சுதி சுத்தமா வேணுமாம்! பாட்டு மாதாவுக்கா, மெஷினுக்கா?

— அது அவிய செஞ்ச தப்புதான்.

— என்ன?

— தப்புன்னு சொல்லுதேன்க்கா. அவிய இருக்கும்போதே நான் சண்ட போட்டேன். ரோச்சண்ணன் அன்னைக்குத்தான் ரெண்டு தடவ இறங்கிச் சங்கெடுத்துட்டு ஏறி வந்திருக்காவ. காதுக்குள்ள தண்ணி அடைச்சுக் கெடக்கும். ராத்திரி தலையணைல படுத்தாத்தான் வடியும். சங்குகுளிக்கிற எல்லாவனுக்கும் தெரிஞ்ச சங்கதி. அவியளும் குளிக்கிறவுகதான, தெரிஞ்சிருக்கணும். புதுசா ஒரு வெளயாட்டுச் சாமான் கெடச்ச மப்புல கையோட டெஸ்ட்ட வச்சுட்டாவ.

— அதான் சொல்லுதேன். அன்னைக்கே போயிட்டு காது.

— அன்னைக்குப் போவல. அடைச்சிருந்துச்சு. ரெண்டும் வேற.

— ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு.

— சங்கத்துக் கடுதாசில என்ன எழுதியிருக்குன்னு படிச்சியளா ரோச்சண்ணே?

— படிச்சேன்.

— நான் ஒரு தடவ வாசிக்கேன். சத்தமாத்தான் வாசிக்கேன், கேளுங்க. "கம்ப்ரசர் பார்ப்பவருக்குக் காது கேளாது என்று தெரிந்திருந்தும், வள்ளத்தின் பொறுப்பாளர் ஜோன்ஸ் அவரையே அமர்த்தித் தன் சொந்தக் கவனக்குறைவால் உயிரிழந்தார்." இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும். நாளைக்கு எம்புள்ள வளந்து, அப்பா எப்படிம்மா செத்தாவன்னு கேட்டா, இதத்தான் எடுத்து நீட்டணும். ஒங்கப்பா கிறுக்கன், செவிடன் கையில டியூபக் குடுத்துட்டுக் கடல்ல குதிச்சான்னு.

— எழுதுனது நாங்களா? சங்கம்லா எழுதுச்சு.

— நீங்க சொல்லித்தான எழுதுச்சு!

— ஏளா, குரல ஒசத்தாத. நான் சொன்னது நடந்தது. எட்டு பாகம் ஆழத்துல அவன் கெடக்கான். நான் கம்ப்ரசர் பக்கத்துல, அவனுக்கு மூச்சுக்காத்து போற டியூபப் புடிச்சுட்டு இருக்கேன். முத்துச்செல்வம் வள்ளத்து முன்பக்கம், அணியத்துல, சோறு பொங்கிட்டு இருந்தான். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல. திடீர்னு டியூபு லேசாயிட்டு. இழுத்தேன். வெறும் டியூபு வந்துது. சத்தம் போட்டேன், முத்துச்செல்வம் குதிச்சான். அவ்வளவுதான். எத்தன தடவ சொல்ல? பாதருகிட்ட சொல்லியாச்சு, போலீஸ்ல சொல்லியாச்சு.

— நடுவுல ஒரு தடவகூட, மேல இழுங்கன்னு டியூபச் சுண்டலையா அவிய?

— சுண்டல.

— சத்தியமா?

— ஏய்! வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு யாருகிட்டச் சத்தியம் கேக்க? இவரு ஒம் புருசன் பொணத்தத் தூக்கிட்டு வந்த ஆளுளா. ஒரு வாரம் சோறு இறங்கல இவருக்கு. நன்னிகெட்டவளே!

— நீ சும்மா இரு ஷெர்லின்.

— நான் ஏன் சும்மா இருக்கணும்? பத்து மாசமா தொண்டை கிழிய கத்திக் கத்தி எனக்குப் பேச்சே கரகரன்னு ஆயிட்டு. சோத்துக்கு வாரும்னு சொல்லத் தெருவுக்கே கேக்க கத்தணும். என் பாடு யாருக்குத் தெரியும்? இவளுக்கு புருசன் போனான், எனக்கு இருக்கற புருசன் கல்லா இருக்காரு. வித்தியாசம் அவ்வளவுதான்.

— மார்க்கு வந்துட்டு.

— வந்துட்டா? எவ்வளவு?

— சைபர்.

— எத்தன?

— சைபர்க்கா. முப்பதுக்குச் சைபர்.

— ஹா! போதுமா? ஏங்க, சைபராம்! சைபர்!

— கேட்டுச்சு. அதுக்குத்தான் மொதல்லயே சொன்னேன். பன்னெண்டு இருந்துச்சு, இப்பம் அதுவும் போச்சு. வயசாவ வயசாவ கொறையத்தான செய்யும். என்னத்த... கையெழுத்தப் போடு ஆனி. ஒன்மேல எனக்குக் கோவம் இல்ல.

— பேனா இந்தா. ஏன் முழிச்சுட்டு நிக்க? இனிமேயாவது கோயில்ல எங்களப் பாத்து மூஞ்சியத் திருப்பாத.

— ரோச்சண்ணே, பக்கத்து வீட்டு கிரேசிக்கு ஒரு பேத்தி உண்டு, தெரியும்லா? ரெண்டு வயசு. போன வாரம் இந்தப் போன எடுத்து வச்சு, ரெண்டு பொத்தானையும் மாத்தி மாத்தி அழுத்தி வெளயாடுனா. சத்தமே வைக்கல. முழுசா முப்பதையும் அழுத்தி முடிச்சுட்டா. மார்க்கு என்ன தெரியுமா?

— அதுக்கும் இதுக்கும் என்னளா?

— பதினாலு.

— என்ன பதினாலு?

— முப்பதுக்குப் பதினாலு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுட்டு. பொறவு நானும் பாத்தேன். சத்தத்த அமத்திட்டு, கண்ண மூடிக்கிட்டு, வாய்க்கு வந்த செபத்தச் சொல்லிக்கிட்டே அழுத்துனேன். பதினாறு. திரும்ப. பதிமூணு. எட்டுத் தடவ போட்டேன் அண்ணே, ஒரு வாரமா இதே வேல. ஒரு தடவகூடப் பதினொண்ணுக்குக் கீழ போவல.

— கேக்கல. என்ன சொல்லுதா இவ?

— கேக்கும். கேளுங்க. இருக்கறது ரெண்டே பதிலு. ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. பூவா தலையா மாதிரி. ஒண்ணுமே கேக்காதவன் கண்ண மூடிக் காட்டுனாலும் பாதி தானா வந்து விழுந்துரும். காதுல தண்ணி அடைச்ச அன்னைக்கு ஒங்களுக்குப் பன்னெண்டு விழுந்துச்சு பாருங்க, அதுதான் கேக்காத காதுக்கு மார்க்கு. இன்னைக்குச் சைபர் எடுத்திருக்கிய. முப்பது தடவ, ஒண்ணு விடாம, தப்பான விரலக் காட்டியிருக்கிய. தப்பு எதுன்னு தெரியணும்னா மொதல்ல சரி எதுன்னு தெரியணும்லா?

— இவ என்னவோ கணக்குப் போட்டுக் கொழப்புதா. ஷெர்லின், இவளப் போகச் சொல்லு.

— பதினஞ்சு எடுத்திருந்தா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். பதினெட்டு எடுத்திருந்தாக்கூட போட்டிருப்பேன். மாதா மேல ஆணை. அந்த முடிவோடதான் படியேறுனேன். முப்பதும் தெளிவாக் கேட்டிருக்கு ஒங்களுக்கு. இந்த ஊர்லயே யாருக்கும் அப்படிக் கேக்காது. இதே டெஸ்ட்டுல எங்கூட்டு ஆளுக்கு இருபத்து நாலு. தெரியுமா? அவியள விட நல்ல காது ஒங்களுக்கு.

— அவனுக்கு இருபத்து நாலா?

— ஆமா.

— பட்டியல்ல அவன் பேரு இல்லியே.

— போடல. வெக்கப்பட்டு போடல. நான் மெல்லத்தான் சொன்னேன் ரோச்சண்ணே. இவ்வளவு நேரம் கத்திக்கிட்டு இருந்தேன், இப்பம் மெல்லத்தான் சொன்னேன்.

— ...அது ஒன் வாய் அசையறதப் பாத்தேன்.

— அப்படியா? நான் போனப் பாத்துக் குனிஞ்சுல்லா சொன்னேன்.

— ஷெர்லின், இவள வெளிய அனுப்புதியா இல்லியா?

— ஏங்க.

— என்ன?

— நான் ஒண்ணு கேக்கேன்.

— ஒனக்கு என்ன இப்பம்?

— போன மாசம் நான் மாடியில துணி எடுக்கப் போயிருந்தேன். அடுப்புல குக்கரு. மூணாவது விசிலு வந்ததும் நான் மேல இருந்து ஓடியாறேன், அடுப்பு அணைஞ்சு கெடக்கு. நீரு கட்டில்ல பேப்பர் படிச்சுட்டு இருந்தேரு. ஆவி வந்ததப் பாத்து அணைச்சேன்னேரு. ஆவி ஒண்ணாவது விசிலுக்கும் வரும், ரெண்டாவது விசிலுக்கும் வரும். மூணத் துல்லியமா எண்ணுனது யாரு?

— ஏளா, நீயுமா?

— பொறவு, எங்கக்கா வந்திருந்த அன்னைக்கு அடுக்களைக்குள்ள வச்சு, இந்தச் செவிட்டுக் கெழவனக் கட்டி மாரடிக்கேன்னு மெல்ல அழுதேன். மறுநா பூரா நீரு எங்கூடப் பேசல. ஒடம்பு சரியில்லன்னேரு. நான் நம்புனேன். அட பாவி மனுசா, பத்து மாசம்! எந்தொண்டை போச்சு, எம்மானம் போச்சு, ஒம்ம சார்பா நின்னு ஒரு தாலியறுத்தவள நாயா விரட்டுனேன்!

— கத்தாத. தெருவுல கேக்கும்.

— கேக்கட்டும்! ஒமக்கும் கேக்குதுல்லா!

— அக்கா, விடுங்க. ரோச்சண்ணே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்த. கம்ப்ரசர் பெல்ட்டு நழுவிருக்குன்னு மெக்கானிக்கு சொல்லிட்டான். பெல்ட்டு நழுவுனா சத்தத்துலயே தெரிஞ்சுரும்னு அவிய எங்கிட்டச் சொல்லியிருக்காவ. இஞ்சினு கீச்சுன்னு மேல ஏறும், அதுக்குப் பொறவு கம்ப்ரசர் தட்டு மெல்லமாகும்னு. அந்தக் கீச்சு ஒங்களுக்குக் கேக்கலியா?

— தப்பு.

— எது தப்பு?

— அவன் சொன்னது தப்பு. சுதி மொதல்ல ஏறாது. தாளந்தான் மொதல்ல தளரும். தட்டு, தட்டு, தட்டுன்னு போறது, ஒரு தட்டு பின்தங்கும். நடக்குறவன் காலு லேசா இடறுன மாதிரி. அஞ்சாறு தட்டுக்குப் பொறவுதான் இஞ்சின் சுதி ஏறும். அதுவும் அரைச் சுரம்தான். இருபத்து நாலு மார்க்குக் காதுக்கு அது எட்டாது.

— ஏசுவே.

— ஒங்களுக்கு எட்டுச்சு.

— எட்டுச்சு.

— அப்போ எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திய.

— அன்னைக்கு விடியுமுன்ன வள்ளத்துல போவும்போது ஒரு பாட்டப் பாடிட்டு இருந்தேன். சும்மா, எனக்காவ. முத்துச்செல்வம் பக்கத்துல இருக்கான். ஜோன்சு சொல்லுதான், அண்ணே பாடாதிய, செவிடன் பாடுனா சங்கு கூட மண்ணுக்குள்ள பூந்துக்கிடும்னு. முத்துச்செல்வம் உருண்டு பொரண்டு சிரிக்கான். நான் அவனுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தவன் ஆனி. எட்டு வயசுல என் மடியில உக்காந்து சுதி புடிச்ச பய.

— அவிய வாயி அப்படித்தான். சாயங்காலம் வந்து மாப்பு கேட்டிருப்பாவ. எங்கிட்ட எத்தன தடவ கேட்டிருக்காவ.

— சாயங்காலம் வரலியே.

— அண்ணே, தாளம் தளந்தது கேட்டுச்சுன்னிய. கேட்டதும் இழுத்தியளா? அத மட்டும் சொல்லுங்க. இழுத்தும் கிடைக்கலன்னா, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இந்தக் கடுதாசியக் கிழிச்சுட்டு, பெல்ட்டு நழுவிச்சு, விதி முடிஞ்சுதுன்னு வேற எழுதச் சொல்லுதேன். இழுத்தியள்ளா?

— டேங்குல காத்து கெடக்கும்லா. பெல்ட்டு நின்னாலும் ஒரு நிமிசத்துக்குத் தாங்கும். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. வால்வு ஒழுகுனது எனக்கு என்ன தெரியும்?

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— சொல்லித் தொலையும்! அவ நிக்கிற நெலையப் பாரும்!

— செவிடன்னாம்லா. சரி, செவிடனுக்கு இது எப்படிக் கேக்கும், ஒரு முப்பது எண்ணுற வரைக்கும் தவிக்கட்டும், பொறவு இழுப்போம்னு எண்ண ஆரம்பிச்சேன் ஆனி... பத்துல டியூபச் சுண்டுனான், பதினேழுல லேசாயிட்டு.